முதலைக்குப் பல் விளக்கிய பெத்தபெருமாள்

படகுத்துறையில ஒரு பேச்சு உண்டு: பெத்தபெருமாள் சொல்றதுல பாதியைத் தள்ளு, மீதியைக் கால்வாசியாக்கு, அப்புறமும் ஏதாச்சும் மிச்சமிருந்தா அதையும் நம்பாதே. அந்தாளு இதைக் கேட்டுக் கோவிச்சுக்கவே மாட்டாரு. "பொறாமை புடிச்ச பசங்க"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்குவாரு.

அன்னிக்குத் திருப்பூர்லேர்ந்து ஒரு குடும்பம், சுரபுன்னைக் காட்டைப் படகுல சுத்திப் பாக்க வந்திருந்தது. கடல் தண்ணி உப்பங்கழிக்குள்ள ஏறினாத்தான் படகு மிதக்கும். மத்த படகோட்டிங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க. கரையில காத்துக் கிடக்கிற சனத்தைப் பாத்தா பெத்தபெருமாளுக்குச் சக்கரைப் பொங்கல் மாதிரி. பக்கத்துல அவரு சம்சாரம் தனபாக்கியம் தள்ளுவண்டியில இறால் வறுத்துக்கிட்டிருந்தா.

"முதலை இருக்கு, தண்ணியில எறங்காதேன்னு பலகை வெச்சிருக்குதே, நெசமாவே இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு அந்தக் குடும்பத்துப் பெரியவரு வெள்ளியங்கிரி.

போதாதா? பெத்தபெருமாள் சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"இருக்காவா! எனக்குக் கல்யாணமான புதுசுங்க. இடுப்பளவு தண்ணியில வலை வீசிக்கிட்டிருக்கேன். லபக்குன்னு காலைக் கவ்விருச்சு ஒண்ணு. பனைமரம் நீளம்! நான் கத்துவனா? குனிஞ்சு அது தாடைக்குக் கீழ கிச்சுகிச்சு மூட்டினேன். வாயைத் தொறந்து சிரிச்சுது பாருங்க, காலை உருவிக்கிட்டேன்."

"தழும்பே இல்லீங்களே?"

"பல்லு படாமத்தானே கவ்வுச்சு. அப்பவே அதுக்கு என்மேல ஒரு மரியாதை."

"கல்யாணமான புதுசுல இந்த மனுசன் லாரி கிளீனரா இருந்தாரு"ன்னு தனபாக்கியம் சட்டியைப் பாத்து முனகினா.

பெத்தபெருமாள் காதுல அது விழவே இல்ல. "மறுநாள் அதே முதலை பல்வலின்னு கரைக்கு வந்து நிக்குது. விட முடியுமா? வேப்பங்குச்சியை எடுத்துக்கிட்டு வாய்க்குள்ள போய் உக்காந்து ஒவ்வொரு பல்லா விளக்கினேன். வெளிய மண்டையைப் பிளக்கிற வெயிலு, உள்ள நல்ல நிழலு. அசந்து தூங்கிட்டேன். அதுவும் பாவம், என்னை எழுப்ப மனசில்லாம பொழுது சாயற வரைக்கும் வாயைத் தொறந்தே வெச்சிருந்துது."

"அட சாமி! பொழுது சாயற வரைக்குமா?"

"கேளுங்க, இன்னும் இருக்கு. பெரும்புயல்ல நடுக்கழியில என் படகு கவுந்துபோச்சு. எங்கேர்ந்துதான் வந்துச்சுங்களோ, ஊர்ப்பட்ட முதலை வரிசையா மிதந்து பாலம் கட்டிருச்சு. அதுங்க முதுகுமேலயே நடந்து கரையேறினேன். செருப்பை மட்டும் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டேன். ஒரு மட்டு மரியாதை வேணும்ல?"

எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் எழுந்திரிச்சு பேண்டை மடிச்சு விட ஆரம்பிச்சான். பிரகதீஷ், வெள்ளியங்கிரிக்கு அக்கா மகன், புது மாப்பிள்ளை.

"அண்ணன் இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்? முழங்கால் தண்ணியில நின்னு ஒரு போட்டோ. கீர்த்தி, போனைப் புடி"ன்னு பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு இறங்கினான்.

பெத்தபெருமாள் சட்டுன்னு துறைக்குக் கீழ எட்டிப் பாத்தாரு. இறால் தலையையும் தோலையும் குழியில போட்டு மூடச் சொல்லி தனபாக்கியம் தினமும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துவா. குழி தூரம், தண்ணி பக்கம்; இவரு காலையில எல்லாத்தையும் துறைக்குக் கீழயே கொட்டிட்டு வந்துடுவாரு. இப்ப அதே எடத்துல, ரெண்டு கொட்டாங்கச்சியைக் கவுத்து வெச்ச மாதிரி என்னமோ தெரிஞ்சுது. மத்த குப்பையெல்லாம் தண்ணியோட போகுது, அது மட்டும் போகல.

"தம்பி, வேணாம். உங்க வாசனை அதுங்களுக்குப் பழக்கமில்ல."

"உங்க துண்டைக் குடுங்கண்ணா, போத்திக்கறேன்."

"இன்னிக்கு அதுங்க வீட்ல கருமாதி! மனசு சரியிருக்காது."

"அப்ப துக்கம் விசாரிச்சுட்டு வந்தர்றேன்." கால் தண்ணிக்குள்ள போயிருச்சு.

பெத்தபெருமாள் எழுந்திரிச்சு நின்னு அலறினாரு. "டேய், நான் சொன்னதெல்லாம் புளுகுடா! முதலைன்னா எனக்கு உசுரே நடுங்கும். நான் குளிக்கிறதே வீட்டுக் குழாயடியிலதான். ஏறி வாடா!"

"மாமா, இருக்கறதுலயே பெரிய புளுகு இதுதானுங்க!"ன்னான் பிரகதீஷ், வெள்ளியங்கிரியைப் பாத்து. மொத்தக் குடும்பமும் கை தட்டுச்சு.

பெத்தபெருமாளுக்கு அழுகையே வந்துருச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு உண்மை சொல்லியிருக்காரு, அதை ஒருத்தரும் நம்பல. அந்த ரெண்டு கொட்டாங்கச்சியும் இப்பத் தண்ணிக்கு மேல இல்ல.

ஒரே ஓட்டம். பையன் இடுப்பு பெல்டைப் புடிச்சு இழுத்தாரு. ரெண்டு பேரும் மல்லாக்க சேத்துல விழுந்தாங்க. அவன் நின்ன எடத்துல தண்ணி வெடிச்சுக் கிளம்புச்சு. கதவை அறைஞ்ச மாதிரி ஒரு வாய் சாத்திக்கிட்டு, அவனோட ஒத்தைச் செருப்போட உள்ள போயிருச்சு.

கீர்த்தி ஓன்னு அழுதா. வெள்ளியங்கிரி பெத்தபெருமாள் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "எங்க குலசாமிங்க நீங்க"ன்னாரு. படகும் வேணாம் காடும் வேணாம்னு அவங்க வண்டியேறினதும், பெத்தபெருமாள் மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போய், தள்ளுவண்டிக்கடியில இருந்த இறால் தோலையெல்லாம் குழியில கொட்டி மூடிட்டு வந்தாரு.

சாப்பிடப் போன படகோட்டிங்க திரும்பினாங்க. "ஏண்ணே, மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு?"

"பையன் ஒருத்தன் தண்ணியில எறங்கினான். முதலை வந்துச்சு. இழுத்துட்டேன். அவ்வளவுதான்."

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "என்னண்ணே, இன்னிக்குப் புளுகு இப்படிச் சப்புன்னு இருக்கு? கிச்சுகிச்சு இல்ல, பாலம் இல்ல..."

"ஏ தனம், நீ பாத்தேல்ல? சொல்லேன் இவனுங்ககிட்ட!"

தனபாக்கியம் இறாலைப் புரட்டிப் போட்டபடியே சொன்னா: "நெசந்தான்யா. அவருக்கு உண்மை பேசிப் பழக்கமில்ல, அதான் நல்லா வரல."