வில்லாயுதம், உள்ள வா!

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். பேருதான் ஆறு. மழைக்காலத்துல கொஞ்ச நாள் சளசளன்னு தண்ணி ஓடும், அப்புறம் வருசம் பூராவும் மணல்தான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெள்ளை வெளேர்னு மணல். கால வெச்சா பொசுக்கு பொசுக்குன்னு உள்ள போகும். ம் சொல்லு சாமி, நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும். ஆமா, அப்படித்தான்.

சாயங்காலம் ஆனா அந்த மணல்ல சடுகுடு ஆடுவாங்க. குதிகாலால நடுவுல ஒரு கோடு. இந்தப் பக்கம் இக்கரை ஆளுங்க, அந்தப் பக்கம் அக்கரை ஆளுங்க. ஒருத்தன் மூச்சக் கட்டிக்கிட்டு 'சடுகுடு சடுகுடு'ன்னு பாடிக்கிட்டே கோட்டத் தாண்டிப் போகணும். எதிராளியத் தொட்டுட்டு அதே மூச்சுல திரும்பி வந்தான்னா, தொடப்பட்டவன் வெளிய போய் உக்காரணும். வரவிடாம அமுக்கிப் புடிச்சு மூச்ச விட வெச்சுட்டாங்கன்னா, பாடப் போனவன் வெளிய.

இது எல்லா ஊர்லயும் உண்டு. அந்த ஊர்ல மட்டும் இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு. வெளிய போனவன் ஆட்டத்துக்கு முதுகக் காட்டித்தான் உக்காரணும். எதிர்ப்பக்கம் ஒருத்தன் விழுந்தா, நம்ம பக்கம் உக்காந்திருக்கிற ஒருத்தனப் பேர் சொல்லி "உள்ள வா"ன்னு கூப்பிடணும். முதல்ல போனவன்தான் முதல்ல வரணும். கூப்பிடாம எந்திரிச்சா அவன் ஆட்டக்காரனே இல்ல. அம்புட்டுதான். ஞாபகம் வெச்சுக்கோ.

அந்த ஊர்ல வில்லாயுதம்னு ஒருத்தன். சடுகுடுல அவனுக்கு மேல ஆளே இல்ல. அவன் மூச்சக் கட்டுனா, கோயில்ல பூசாரி தீபாராதனை காட்டி, எல்லாருக்கும் திருநீறு குடுத்து, தட்டக் கீழ வெக்கிற வரைக்கும் விடாமப் பாடுவானாம். அவன் ஓடுனா மணல்ல தடம் விழாதாம். பல வருசம் ஆடியும் ஒரு தரம்கூட அவன் வெளிய உக்காந்ததில்லையாம்.

ஒரே ஒரு நாள் உக்காந்தான்.

அன்னைக்கு அக்கரைக்காரங்க அத்தனை பேரும் ஒண்ணா விழுந்து அவன அமுக்கிட்டாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு, மணலத் தட்டிவிட்டு, கோட்டுக்கு வெளிய போய் முதுகக் காட்டி உக்காந்தான். அப்போ மேற்க, மலைப் பக்கம், கருகருன்னு மேகம். ஆட்டத்துல யாரும் கவனிக்கல. கொஞ்ச நேரத்துல 'ஹோ'ன்னு ஒரு சத்தம். "தண்ணி வருதுடோய்!"னு ஒரே ஓட்டம். இக்கரை ஆளு இக்கரைக்கு, அக்கரை ஆளு அக்கரைக்கு.

கரையேறித் திரும்பிப் பாத்தா, வில்லாயுதம் மட்டும் மணல்ல உக்காந்தே இருக்கான். முதுகக் காட்டி. கூப்பிடலயே, அவன் எப்படி எந்திரிப்பான்? இக்கரைத் தலைவன் கூப்பிடணும்னு வாயத் திறந்தான். ஊர்லயே பெரிய தொண்டை அவனுக்கு. அன்னைக்கு மூச்சே வரல. தண்ணி வந்துருச்சு.

ம்?... தூங்கலியே நீ? சரி.

அப்புறம் வருசம் பல ஓடிப்போச்சு. அவன் ஆட்டத்தப் பாத்தவங்க எல்லாம் கிழவங்களா ஆயிட்டாங்க. அவங்களுக்கு வேற பேச்சே இல்ல. "அவன் இப்படிப் போவான், அப்படித் திரும்புவான்"னு சொல்லிச் சொல்லி வெத்தல துப்புவாங்க. எளவட்டம் யாராச்சும் நல்லா ஆடுனா, "நீ என்னத்தடா கண்டே! வில்லாயுதம் ஆட்டத்தப் பாக்காத கண்ணு கண்ணா? புளியங்கொட்டை!"ம்பாங்க. ஆட்டத்தத்தான் சொல்லுவாங்க. கூப்பிடாம விட்டத மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. "ஆத்தோட போயிட்டான்"னு முடிச்சுக்குவாங்க. ஆனா, நிழல் காலடியில விழுற உச்சி வேளையில அந்த மணல்ல யாரும் கால் வெக்கறதில்ல. ஏன்னு கேட்டா, "வெயிலு"ம்பாங்க.

அந்த ஊர்ல நாச்சான்னு ஒரு பையன், அவன் தங்கச்சி பூவாத்தா. அப்பா அம்மா இல்ல. கரையோரமா மணல்ல ஊத்துக் குழி தோண்டி, வெள்ளரி போட்டுப் பொழைச்சாங்க. நாச்சானுக்கு வில்லாயுதம்னா உசுரு. கிழவங்க வாயப் பாத்துக்கிட்டே கெடப்பான். "ஒரே ஒரு தரம், அவரு நல்லா இருந்த காலத்து ஆட்டத்த இந்தக் கண்ணால பாத்தாப் போதும் பூவாத்தா"ம்பான்.

"பாத்து என்ன பண்ணப்போறே? வெள்ளரி வாடுது, தண்ணி ஊத்து"ம்பா அவ.

"உனக்கென்ன தெரியும்!"

"எனக்குக் கஞ்சி ஆறிப்போச்சுன்னு தெரியும். வந்து குடி."

ஒரு நாள் உச்சி வேளை. கஞ்சித் தூக்கோட பூவாத்தா வந்தா, அண்ணனக் காணோம். வெள்ளரிக் கூடை கெடக்கு. தண்ணிக் குடம் கெடக்கு. காலடித் தடம் மட்டும் ஆத்து நடுவுக்குப் போகுது. போன தடம் இருக்கு, வந்த தடம் இல்ல.

ஒரு காக்கா கத்தல. ஒரு இலை ஆடல. தடத்தப் புடிச்சுக்கிட்டே போனா, நடு மணல்ல புதுசா ஒரு கோடு கிழிச்சிருக்கு. கோட்டுக்கு வெளிய நாச்சான் முதுகக் காட்டி உக்காந்திருக்கான். மடக்குன காலு பூரா மணலுக்குள்ள! அவனுக்குப் பக்கத்துல ஒரு மணல் மேடு, அதுமேல நாணல் முளைச்சிருக்கு.

ஓடிப்போய்க் கையப் புடிச்சு இழுத்தா. அசையல.

"இழுக்காத பூவாத்தா. 'வில்லாயுதம், உன் ஆட்டத்தப் பாக்கணும்'னு சத்தம் போட்டு இந்தக் கோட்டக் கிழிச்சேன். இவங்க வந்தாங்க. நான் பாடிப் போனேன், புடிச்சுட்டாங்க. வெளிய உக்காந்துட்டேன். இனிக் கூப்பிட்டாத்தான் வர முடியும்."

"இவங்கன்னா எவங்க?"

அப்போ கோட்டுக்கு அந்தப் பக்கம் மணல் 'கொப் கொப்'னு பொங்குச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு ஆளு எந்திரிச்சாங்க. ஈர மணல்ல செஞ்ச ஆளுங்க. கை இருக்கு, காலு இருக்கு, மூஞ்சி இல்ல. வெயிலு சுட்டெரிக்குது, அவங்க மேல தண்ணி சொட்டுச் சொட்டுன்னு வடியுது. ஏழு பேரும் கைய விரிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னாங்க. ஆட வான்னு கூப்பிடற மாதிரி.

பயப்படாதே, என் கையப் புடிச்சுக்கோ. நான் இருக்கேன்ல.

பூவாத்தா கரையில இருக்கிற கன்னிமார் சாமி கல்லப் பாத்துக் கும்பிட்டா. "தாயே, எங்கண்ணனக் குடுங்க. என் மூச்ச நீங்க புடிச்சுக்குங்க"ன்னா. கஞ்சித் தூக்கக் கீழ வெச்சா. பாவாடைய இழுத்துச் சொருகுனா. மூச்சக் கட்டுனா.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

முதல் பாட்டு. உள்ள போனதுமே குளிரு. அந்த வெயில்லயும் குளிரு! ஒரு கை வந்து அவ கணுக்காலப் புடிச்சுது. சில்லுன்னு. உதறுனா, உருண்டா, மூச்சு அறுந்துபோற நேரத்துல கோட்டு மேல வந்து விழுந்தா. ஒருத்தரையும் தொடல. திரும்பிப் பாத்தா, நாச்சான் இடுப்பு வரைக்கும் எறங்கிட்டான்.

ரெண்டாம் பாட்டு. சின்ன வயசுல அண்ணனும் அவளும் கிணத்துல முங்கி, யாரு அதிக நேரம் இருக்கிறாங்கன்னு பாப்பாங்க. அத நெனச்சுக்கிட்டு மூச்சக் கட்டுனா. குனிஞ்சு போனா, ஓரமாப் போனா, கடைசியில நின்ன ஆளத் தொடையில ஒரு தட்டு. தட்டுனதும் அது பொலபொலன்னு உதிர்ந்து வெறும் மணலா விழுந்துச்சு. மத்த ஆறும் தாவறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துட்டா!

"நாச்சாண்ணா, உள்ள வா!"ன்னு கத்துனா.

நாச்சான் வரல. இன்னும் எறங்குனான். மாரு வரைக்கும்.

"அண்ணா, கூப்பிட்டேனே, வா!"

"என்னால முடியல பூவாத்தா. எனக்கு முன்னாடி ஒருத்தரு உக்காந்திருக்காரு போல. முதல்ல போனவருதான் முதல்ல வரணும்."

முன்னாடி யாரு? அவ சுத்திப் பாத்தா. அந்த மணல் மேடு. கிட்டப் போய்ப் பாத்தா... மேடு இல்ல. முதுகு. தோளு. தோள்ல நாணல் வேர் விட்டிருக்கு. காதுக்குள்ள நண்டு வளை.

"யாருங்க நீங்க?"

மேட்டுக்குள்ளயிருந்து மணல் சரியற மாதிரி ஒரு குரல் வந்துச்சு. "வில்லாயுதம்."

இன்னொரு தரம் பாட பூவாத்தாகிட்ட மூச்சு இல்ல, கண்ணு. தொட்டது ஒருத்தன, கூப்பிட முடியறது ஒருத்தர. இவரக் கூப்பிட்டா அண்ணன யாரு கூப்பிடறது? கூப்பிடாம விட்டா, அண்ணனுக்கும் வழி இல்ல. அண்ணன் கழுத்து வரைக்கும் போயிட்டான். காலடியில கெடந்த நிழலு லேசா ஒரு பக்கமா நகருது, உச்சி வேளை தாண்டப்போகுது. அந்தப் பக்கம் ஆறு பேரும் சத்தமில்லாமக் காத்திருக்காங்க.

இம்புட்டு வருசமா ஒருத்தரும் கூப்பிடலயே இவரன்னு ஒரு நிமிசம் நெனச்சா. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"வில்லாயுதண்ணே"ன்னா, "உள்ள வாங்க!"

அப்போ 'ஹ்ஹ்ஹ்'னு ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். ஆத்துல இருந்த காத்து எல்லாம் அந்த மூச்சுக்குள்ள போச்சு. கரையில வெள்ளரிக்கொடி எல்லாம் இந்தப் பக்கமாச் சாஞ்சுது. மேடு வெடிச்சு, மணல் சரசரன்னு சரிஞ்சு, ஒரு ஆளு எந்திரிச்சான். கெழவன் இல்ல சாமி. அன்னைக்கு உக்காந்தப்ப எப்படி இருந்தானோ அப்படியே. நெத்தியில வேர்வ. முழங்கையில அன்னைக்குச் சிராய்ச்ச ரத்தம்கூடக் காயல.

"நல்லாக் கூப்பிட்டே அம்மிணி. தள்ளி நில்லு."

மூணாம் பாட்டு அவன் பாட்டு. "சடுகுடு சடுகுடு சடுகுடு"ன்னு போனான். கிழவங்க சொன்னதெல்லாம் ஒண்ணுமே இல்ல. மீன் திரும்புற மாதிரித் திரும்புறான். தொடறது தெரியல, மணல் உதிர்றதுதான் தெரியுது. பொல... பொல... தடம் விழவே இல்ல. பூவாத்தா வாயத் திறந்தவ மூடல.

கழுத்து வரைக்கும் மணல்ல கெடந்துக்கிட்டு நாச்சான் கத்துறான், "ஐயோ பூவாத்தா, எப்படி ஆடுறாரு? இடம் போறாரா, வலம் போறாரா? சொல்லித் தொலையேன்!" முதுகக் காட்டித்தான உக்காந்திருக்கான், பாவம். சத்தம் மட்டும்தான் அவனுக்கு.

ஆறு ஆளும் உதிர்ந்துச்சு. வில்லாயுதம் பாடிக்கிட்டே கோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். பூவாத்தாவப் பாத்துத் தலைய ஆட்டுனான். அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

"நாச்சாண்ணா, உள்ள வா!"

மணல் இளகுச்சு. நாச்சான் கையூனி எந்திரிச்சான். எந்திரிச்ச வேகத்துல சடார்னு திரும்புனான். வெறும் மணலு. ஒரு மூச்சு நேரம் முந்தித் திரும்பியிருந்தா பாத்திருப்பான். வில்லாயுதம் நிக்கல. மூச்ச விடல. பாடிக்கிட்டே, தண்ணி வந்த மேற்குத் தெசையப் பாத்துப் போயிட்டான். சத்தம் மட்டும் சின்னதா, இன்னும் சின்னதா, 'குடுகுடு குடுகுடு'ன்னு.

அப்புறம் என்ன, ஊரே கூடிருச்சு. கிழவங்க எல்லாம் பூவாத்தாவச் சூழ்ந்துக்கிட்டாங்க. "நாங்க சொன்ன மாதிரித்தான ஆடுனான்? இடது காலத்தான முன்ன வெச்சான்? சொல்லு புள்ள!"

பூவாத்தா ஈரம் காயாத அவ கணுக்கால ஒரு தரம் பாத்தா. அதுல அஞ்சு விரல் தடம்.

"ஆட்டம் கெடக்கட்டும் தாத்தா. அவரு தோள்ல நாணல் முளைச்சிருந்துச்சு. ஏன் யாருமே கூப்பிடல?"

அவங்களுக்குள்ள அந்தப் பழைய தலைவனும் நின்னான், பல்லெல்லாம் கொட்டிப்போய். துண்ட எடுத்து வாயில வெச்சுக்கிட்டான். நாச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பாக்கணும் பாக்கணும்னு அவனும்தான சொன்னான், வான்னு சொல்லலியே.

அன்னையிலிருந்து அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, வெளிய உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி உள்ள கூப்பிட்டுட்டுத்தான் கலைவாங்க. சின்னக் கொழந்தையா இருந்தாலும் சரி. ஒருத்தரையும் விடமாட்டாங்க. எல்லாரும் வந்தப்புறம், அந்தப் பழைய தலைவன் குச்சிய ஊனிக்கிட்டு வந்து, மேற்கப் பாத்துக் கடைசியா ஒரு பேரக் கூப்பிடுவான். "வில்லாயுதம், உள்ள வா!"

கூப்பிட்டதும் மணல் மேல ஒரு காத்து வரும். தடம் விழாது. 'குடுகுடு குடுகுடு'ன்னு எல்லாரையும் ஒரு சுத்துச் சுத்திட்டுப் போகும். அந்த மூச்சு இன்னும் முடியலயாம்.

ம்?... இல்ல சாமி, அது சன்னலுக்கு வெளிய வேப்பமரம். காத்துதான்.

ஆட்டம் கலைஞ்சுது, மணலும் ஆறிப்போச்சு, கன்னிமாரு காவல் இருக்காங்க. நீ ஏன் போர்வைக்கு வெளியவே கெடக்கே? என் தங்கம், உள்ள வா.