பதினாறு நாள் எடை

மலையடிவார மடத்தில் குழந்தைவேலு என்றொரு சீடர். பேரில்தான் குழந்தை. ஆள் உள்ளே வந்தால் வாசல் அடைபட்டுப் போகும். வயது நாற்பத்தாறு. குரு அவரைவிட எட்டு வயது இளையவர். இருந்தாலும் குழந்தைவேலுவுக்கு அவர் சாமி.

தினமும் எட்டு கிலோ அரிசியைப் பொங்கி, புளிசாதம் கிளறி, அண்டாவைத் தலையில் ஏற்றி, மலைமேல் மேலூரில் நாற்பது பேருக்குக் கொண்டுபோய்ப் போடுவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு முட்டி இப்போது மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

மின்சார வண்டி ஒன்று வாங்கலாம் என்றார் குரு. கடைக்காரப் பெண் பிரவீணா ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுத்தாள். மூன்றாம் வளைவிலேயே அது படுத்துக்கொண்டது. தள்ளித் தள்ளி மேலே போய்ச் சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. நாற்பது பேரும் தட்டோடு காத்திருந்தார்கள். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கீழே வந்ததும் குருவின் முன் நின்றார்.

"சாமி, என்னைத் தாங்கற வண்டி உலகத்துல இல்லீங்க. ஒல்லியான ஆளாப் பாத்து இந்த வேலையைக் குடுத்துருங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"கடையில எடை கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எவ்வளவுன்னீங்க?"

"எண்பதுன்னேன்."

எண்பதாம்! கூசாமல் சொல்லியிருக்கிறார் மனுஷர். அந்தப் பெண்ணும் மரியாதைக்கு அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

குரு சிரிக்கவில்லை. "வாங்க" என்று துலாபாரத் தராசுக்குக் கூட்டிப்போனார். வேண்டுதல்காரர்கள் தங்கள் எடைக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கிற தராசு அது. அந்த அரிசிதான் மேலூருக்குச் சோறாகப் போகும். குழந்தைவேலு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை.

"ஏறி உக்காருங்க."

"எல்லாரும் பாக்கறாங்க, சாமி."

"பாக்கட்டும்."

உட்கார்ந்தார். எதிர்த் தட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று வைத்தார்கள். இரண்டு, மூன்று, நாலு. தட்டு அசையவில்லை. ஐந்தாவது சிப்பத்துக்கு லேசாக ஆடியது. மேலே மூன்று கிலோ கொட்டியதும் முள் நடுவில் நின்றது.

"இந்த அரிசி மேலூருக்கு எத்தனை நாளைக்கு வரும்?"

சமையல்காரருக்கு இது ஒரு கணக்கா? "பதினாறு நாளைக்குங்க!" குரல் தானாக நிமிர்ந்தது.

"கடையில சொன்ன எண்பது கிலோ ஆளு உக்காந்திருந்தா?"

"பத்து நாள்."

"மிச்சம் ஆறு நாள் மேலூர்ல என்ன சாப்பிடுவாங்க?"

குழந்தைவேலு எதிர்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

மறுநாள் கடையில் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"தாயி! நான் நூத்தி இருபத்தெட்டு. சோத்து அண்டா தனியா ஒரு முப்பது. போற பாதை மலையேத்தம். அதுக்குத் தக்கன வண்டியைக் காட்டு. அண்டாவோட மேலூருக்கு ஏறி எறங்குனாத்தான் வாங்குவேன்."

பிரவீணா அகல டயர் போட்ட, நூற்றெண்பது கிலோ தாங்குகிற வண்டியை உருட்டிவந்தாள். மூன்றாம் வளைவில் அது முக்கவுமில்லை, முனகவுமில்லை. மேலூரில் அன்றைக்குச் சோற்றில் ஆவி பறந்தது. இறங்கி வந்தவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

கடையில் காத்திருந்த குருவின் பக்கத்தில் வந்து நின்றார். பிரவீணா படிவத்தை எடுத்தாள்.

"ஐயா, எடையை நூத்தி இருபதுன்னு போட்டுக்கட்டுங்களா? ரவுண்டா இருக்கும்."

குழந்தைவேலு குருவைப் பார்த்தார்.

"குறைக்காதம்மா" என்றார் குரு. "அந்த எட்டு கிலோ, மேலூருக்கு ஒரு நாள்."