எட்டு வெடைகளும் ஒரு கம்பி வலையும்

காட்டுவலசில் நாச்சிமுத்து, சென்னியப்பன், மாரப்பன் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். யோசிக்கிற வேலையை மட்டும் மூவருக்கும் சேர்த்து மூத்தவன் மனைவி சொர்ணாத்தா பார்த்துவந்தாள். அவளுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் தாய்வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொர்ணாத்தா கிளம்பினாள்.

கிளம்புமுன், சந்தையில் வாங்கிய எட்டு வெடைக்கோழிகளைக் கூடையோடு முற்றத்தில் இறக்கினாள். இன்னும் முட்டையிடத் தொடங்காத இளசுகள். கூண்டில் ஏற்கெனவே ஆறு பெட்டைகள் இருந்தன. வயதானவை, கோபக்காரிகள்.

"டாக்டர்கிட்டக் கேட்டு, பக்குவமா ஒண்ணாச் சேத்து வைங்க. வந்து பாப்பேன். வெடைங்க மேல ஒரு இறகு கொறஞ்சிருந்தாலும் அடுத்த பஸ்ஸுக்கே எங்கூருக்குத் திரும்பிருவேன். அப்பறம் வரமாட்டேன்" என்றாள்.

சொர்ணாத்தா சொன்னால் செய்கிறவள். நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கால்நடை டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். முதலில் நடுவே கம்பி வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்க விட வேண்டும். பிறகு, பழைய கோழிகளுக்கும் இடம் புதிதாகத் தெரியும்படி மாற்றி அமைத்து ஒன்றாக விட வேண்டும். விட்டதும் பழையது புதியதை ஒன்றிரண்டு கொத்து கொத்தும். குறுக்கே போகக் கூடாது. ஆளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டு மூவரும் வீடு திரும்பினார்கள்.

வலையைக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் எட்டு. எல்லாக் கோழிகளும் தரையைப் பார்த்துக் கிளறிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூட நிமுந்து பாக்கலயே" என்று நாச்சிமுத்து கவலைப்பட்டான்.

ஆளுக்கொரு கோழியைப் பிடித்து வலையருகே தூக்கிக் காட்டினார்கள்.

"பாக்குதுண்ணா!" என்றான் மாரப்பன்.

"எந்தக் கண்ணுல?" என்று கேட்டான் சென்னியப்பன்.

மாரப்பன் குனிந்து பார்த்தான். "சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல."

"அப்ப அந்தப் பக்கத்துக் கண்ணுக்கு யாருடா பழக்கறது? பாதிக் கோழிதான பழகியிருக்குது."

மூவருக்கும் இது நியாயமாகப் பட்டது. காலையில் வலக்கண், மாலையில் இடக்கண் என்று முறை வைத்து எல்லாக் கோழிகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தோட்டத்தில் வெண்டைக்காய் முற்றிப்போனது. அதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது இடம். கூண்டுக்குள் தண்ணீர்த் தொட்டியை மூலைக்கு மூலை மாற்றி வைத்தார்கள். கறுப்புப் பெட்டை ஒவ்வொரு முறையும் நேராகப் போய்த் தண்ணீர் குடித்தது.

"கண்டுபுடிச்சிருச்சு. இது ஆவாது, வீட்டுக்குள்ள விட்டுருவோம்" என்றான் சென்னியப்பன்.

"போன மாசம் அது அரிசிப் பானைக்குள்ள முட்டை வெச்சுதே. வீடும் அதுக்குத் தெரியும்" என்றான் நாச்சிமுத்து.

"அதுக்குத் தெரிஞ்சது பானைதானண்ணா? பானைய எடுத்துட்டாத் தீந்துது."

பானையைத் தூக்கிக் கூண்டுக்குள் வைத்தார்கள். கறுப்புப் பெட்டை கட்டிலையும் பார்த்திருக்கலாம் என்று மாரப்பனுக்குத் தோன்றியது. கட்டில் போனது. பாய், அடுப்பு, விளக்கு, சாமி படம் எல்லாம் போயின. ஆள் குனிந்து நுழைகிற கூண்டுதான் என்றாலும் காலண்டர் மாட்ட இடமிருந்தது. வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. நடுக்கூடத்தில் மூவரும் நின்றார்கள்.

"இன்னும் மூணு சாமான் பாக்கி. நம்மளையும் அதுங்களுக்கு நல்லாத் தெரியுமே" என்றான் சென்னியப்பன்.

கோழிகளை எல்லாம் வீட்டுக்குள் விட்டுவிட்டு, மூவரும் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குள் ஒரு சண்டையும் இல்லை. புது இடத்தில் கோழிகளுக்குப் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. பழையதும் புதியதும் சேர்ந்து சமையலறை மூலையில் கிடந்த அரிசியைப் பொறுக்கின. கூண்டுக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் முகம் வாடியது.

"ஒரு கொத்துகூட விழலயேடா. டாக்டர் சொன்னது நடக்கலைன்னா சேரலைன்னுதான அர்த்தம்? சொர்ணா பஸ் ஏறிருவாடா."

வருத்தத்தில் அவனுக்கு வியர்த்தது. துடைக்கத் துண்டைத் தேடினான். துண்டு மட்டும் மறந்துபோய் வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. எடுக்கப் போனவன் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தான்.

"விழுந்துருச்சுடா கொத்து! ரெண்டு!"

"எந்த வெடை மேல?"

"எங்கால் மேல. கட்டை விரல்ல."

"காலை எடுக்க வேண்டியதுதான?"

"எப்புடி எடுக்கறது? குறுக்கே போவக்கூடாதுன்னாருல்ல?"

சென்னியப்பன் யோசித்தான். இந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

"அண்ணா, பழசு எதைக் கொத்தும்?"

"புதுச."

"வெடைங்களக் கொத்துச்சா?"

"இல்ல."

"உன்னையக் கொத்துச்சு. அப்பப் புதுசு யாரு?"

சரிபார்த்து வர மாரப்பனை அனுப்பினார்கள். அவன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "என்னைய ஒரு வெடையே கொத்திப்போட்டுதுண்ணா."

சந்தேகம் தீர்ந்தது. முதலிலிருந்து வர வேண்டியதுதான். கம்பி வலையைக் கழற்றி வந்து கூண்டு வாசலில் கட்டிக்கொண்டு, காலையில் வலக்கண்ணாலும் மாலையில் இடக்கண்ணாலும் வீட்டைப் பார்த்தபடி மூவரும் உள்ளே இருந்தார்கள்.

சொர்ணாத்தா வந்தபோது காலைப் பொழுது. மூன்று வலக்கண்கள் அவளைப் பார்த்தன.

"என்னங்க இது கோலம்? வெளிய வாங்க!"

"வரக் கூடாது சொர்ணா. அதுங்க இன்னும் எங்களச் சேத்துக்கல" என்றான் நாச்சிமுத்து.

சொர்ணாத்தா பையைக் கீழே வைக்காமல் வீட்டுக்குள் போனாள். வெடைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். நாச்சிமுத்து வலையை இறுகப் பிடித்துக்கொண்டான். எட்டிலும் ஒரு இறகு குறையவில்லை. போதாததற்கு, கொஞ்சம் சதை வேறு போட்டிருந்தன. அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பெருமூச்சு விட்டுப் பையை இறக்கினாள். கோழிகளைக் கொல்லைக்கு விரட்டிவிட்டுக் கூடத்தைக் கழுவினாள். மூன்று ஆண்கள் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை வலையை அவிழ்த்துவிட்டாள். மூவரும் வெளியே வந்து, உடம்பை உதறிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் யாரும் கூப்பிடாமலே வந்து கூண்டில் அடைந்தார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. சொர்ணாத்தா தட்டில் சோறு வைத்து, தலையை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

ஒரு நாள் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. மறுபடி எண்ணினாள். மூலையில் பக்கத்துத் தோட்டத்து வேலப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில்தான் அவர் வீட்டில் மாமியாரும் மச்சினிகளும் வந்து இறங்கியிருந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, நீங்க இங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி, காத்தோட்டமா இருக்குதுன்னு வந்தேன்."

சொல்லிக்கொண்டே சோற்றுத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். சென்னியப்பன் அந்தக் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தான். மாரப்பன் இன்னொன்று வைத்தான்.

வேலப்பன் பரிதாபமாகச் சொர்ணாத்தாவைப் பார்த்தார். "பாத்தியா அம்மிணி இவனுங்கள? நீயாவது ஒரு வார்த்தை சொல்லு."

"முதல் நாள் அப்புடித்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கூண்டுக் கதவின் கொண்டியைப் போட்டாள்.