எல்லா உரிமையும் உள்ள நாடு

மருதவேலி நாட்டு ராஜா கனகபூபதிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் சபையில் விகடகவியாக இருந்த அப்பாண்டைக்கோ வாய்தான் முதலில் ஓடும். புத்தி பின்னால் மூச்சிரைக்க வந்து சேரும். "என்னைப் போய்க் கெட்டிக்காரன் என்கிறார்களே! கெட்டிக்காரன் தினம் ஒரு வம்பில் மாட்டுவானா?" என்று அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தக் கோடையில் ராஜா ஊர்ப் பொதுக்குளத்துக்கு வேலி போட்டு, அதில் உல்லாசப் படகு விட்டார். செக்காட்டும் காராயி சந்தையில் நின்று, "ராஜா படகுக்குத் தண்ணி இருக்கு. நம்ம பிள்ளைங்க தொண்டைக்கு இல்ல" என்றாள். உடனே பிடித்துச் சிறையில் போட்டார்கள். விசாரணையா? மூச்!

இதில் ஒரு சிக்கல். கனகபூபதியையும் சேர்த்து அக்கம்பக்கத்து ஐந்து நாட்டு ராஜாக்களும் கூடி முன்பே ஓர் உடன்படிக்கை செய்திருந்தார்கள். மனிதராய்ப் பிறந்த எவருக்கும் உயிரோடு இருக்க, மனசில் பட்டதைச் சொல்ல, பிடித்த சாமியைக் கும்பிட உரிமை உண்டு. விசாரிக்காமல் அடைக்கக் கூடாது. சோறும் தண்ணீரும் வேலையும் படிப்பும் கிடைக்க வேண்டும். ஊர்ச் சொத்து ஊருக்கே. சொந்த ராஜாவே இதை மீறினால், மற்ற நால்வரும் ஆள் அனுப்பிக் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் வணிகப் பாதையை அடைக்கலாம். விருந்துச் சாப்பாட்டு மயக்கத்தில் அவரும் முத்திரை குத்திவிட்டார்.

இப்போது கேட்க ஆள் வந்துகொண்டிருந்தது. உலகம்மை என்ற அம்மாள். பொய்யை வாசனையிலேயே பிடித்துவிடுவாள் என்று பெயர்.

ராஜா அப்பாண்டையைக் கூப்பிட்டார். "இந்த நாட்டில் எல்லா உரிமையும் இருப்பதாக நீ அவளுக்குக் காட்ட வேண்டும். ஒரு பொய்கூடக் கூடாது. குளத்தை விட மாட்டேன். சிறையைத் திறக்க மாட்டேன். தவறினால் காராயிக்குப் பக்கத்து அறை உனக்கு."

அப்பாண்டை நேரே சிறைக்குப் போனார். காராயி மன்னிப்புக் கேட்டுவிட்டால் தன் தலை தப்புமே என்ற நப்பாசைதான்.

"நீங்க பெரிய கெட்டிக்காரராமே?" என்றாள் அவள்.

"அது வதந்தி, தாயே."

"நான் சொன்னதுல எதுங்க பொய்யி? இங்க கொண்டாந்து போட்டவங்க என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அப்பாண்டை மன்னிப்புப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு வெளியே வந்தார். சிறைக்குள் இருந்தவள் நிமிர்ந்து பேசினாள்; வெளியே இருந்த தனக்குக் குரலே எழும்பவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

உலகம்மை வந்தாள். சபை கூடியது.

"மனசில் பட்டதைப் பேசும் உரிமை இங்கே உண்டா?"

"தாராளமாக அம்மா. யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"தண்ணீர்?"

"ஒரு குளமே உண்டு. குடிக்கலாம், குளிக்கலாம், படகுகூட விடலாம்."

"விசாரிக்காமல் அடைப்பது?"

"ஐயையோ! அவர் மேல் ஒரு சுண்டுவிரல் பட முடியுமா?"

உலகம்மையின் புருவம் உயர்ந்தது. "அவரா? இதெல்லாம் எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு. அதோ சிம்மாசனத்தில் இருக்கிறார். எங்கள் நாட்டில் எந்த உரிமையும் தொலைந்துபோகவில்லை அம்மா. எல்லாம் ஒரே ஆளிடம் பத்திரமாக இருக்கிறது."

 "பிடியுங்கள் இவனை!" என்று ராஜா எழுந்தார். அப்பாண்டை தன் தொந்தியோடு உலகம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பாதிதான் மறைந்தது.

"இவர் சொன்னதில் எது பொய், ராஜா?" என்றாள் உலகம்மை.

ராஜா பொத்தென்று சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

மறைவிலிருந்து நடுங்கும் குரல் வந்தது. "மகாராஜா, அடியேன் வீரன் இல்லை. பயந்தாங்கொள்ளி. அதனால்தான் இப்படித் தோன்றுகிறது. நாளைக்கு உங்களைவிடப் பெரிய ராஜா ஒருவர் உங்களைப் பிடித்து அடைத்தால், 'ஏன்' என்று கேட்க நாலு பேர் வேண்டாமா? இன்று இந்த அம்மாளைத் திருப்பி அனுப்பினால், அன்று யார் வருவார்கள்?"

ராஜாவின் மீசை துடித்தது. "பாவி! பொய் சொல்லாதே என்றேன். சொல்லவில்லையே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

வேலி பிடுங்கப்பட்டது. காராயியைச் சபைக்கு அழைத்து வந்தார்கள்.

"இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று ராஜா சற்றுத் தயக்கத்தோடு கேட்டார்.

"நிறைய இருக்கு. முதல்ல குளத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

உலகம்மையே சிரித்துவிட்டாள். ராஜா அப்பாண்டை பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"ஒரே ஓர் உரிமை, மகாராஜா. இனிமேல் சபையில் வாயை மூடிக்கொண்டு இருக்கும் உரிமை."

"கொடுத்தோம். முடிந்தால் அனுபவி!"

நன்றி சொல்வதற்காக அப்பாண்டை வாயைத் திறந்தார். சபை கலைந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.