தவளை திருப்பிக் கொடுக்காத ப்ரோ

அந்தக் காலத்தில், விலங்குகள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, சப்பட்டை என்ற தவளையின் பின்னங்கால் ஒரு தண்ணீர்ப்பாம்பின் வாய்க்குள் இருந்தது. கதை அங்கிருந்துதான் ஆரம்பம். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் முக்கியமில்லை.

கத்தினால் யாராவது வந்து காப்பாற்றுவார்கள். ஆனால் சும்மா கத்த முடியாது. உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால்தான் அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முறை தப்பினால் தொலைந்தோம்.

ஏரிக்கரையில் கீரி போனது.

"அண்ணே! காப்பாத்துங்கண்ணே!"

கீரி நின்றது. "யாருக்கு யாருடா அண்ணன்? எனக்குப் போன மாசம்தான் பல்லே முளைச்சுது. பார்த்தா கிழவன் மாதிரியா இருக்கு?" போய்விட்டது.

அடுத்து ஆட்டுக்கிடா. சப்பட்டை உஷாரானான். "தம்பி! கொஞ்சம் இங்க வாப்பா!"

"தம்பியா? ஒன்பது குட்டிக்கு அப்பன்டா நான். மரியாதை தெரியாத பய." அதுவும் போய்விட்டது.

மயிலை "மாமா" என்றான். "உங்க அக்காவையா நான் கட்டியிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்தது. பாம்பு இதற்குள் முழங்கால்வரை விழுங்கியிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

பக்கத்தில் ஓர் உள்ளான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குளிர்தேசத்திலிருந்து மழைக்காலத்தில் வந்து, கோடைக்கு முன்னால் திரும்பிவிடுகிற நீள மூக்குக் குருவி. இந்த முறைப் பஞ்சாயத்து அதற்கு விளங்கவே இல்லை.

"பாம்போட மல்லுக்கட்ட என்னால ஆகாது. ஒரு வார்த்தை வேணும்னா தர்றேன்," என்றது. "ப்ரோ. எங்க ஊர்ல பெரியவன், சின்னவன், தெரிஞ்சவன், தெரியாதவன் எல்லாருக்கும் அதுதான். ஆனா ஒரே ஒரு தடவைதான் சொல்லணும். பங்குனியில நான் கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துடணும். சரியா?"

"சரி, சரி, சரி!" தொடைவரை போனவன் வேறு என்ன சொல்வான்?

ஒரே ஒரு தடவை. யாரைக் கூப்பிடுவது? கீரி தூரத்தில் புள்ளியாகிவிட்டது. தவளைக்குக் கழுத்து கிடையாது, முடிந்தவரை திரும்பினான். பாம்பின் கண்ணை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை.

"ப்ரோ," என்றான்.

பாம்பு விழுங்குவதை நிறுத்தியது. பிறந்ததிலிருந்து அதை யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஐயோ, பாம்பு!" என்பார்கள், ஓடுவார்கள். அவ்வளவுதான்.

"என்னையா?" என்று கேட்டது.

கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே!

சப்பட்டை தொபுக்கென்று தண்ணீரில் விழுந்து, நடு ஏரியில் தலை தூக்கினான். பாம்பு துரத்தவில்லை. வெட்கத்தோடு, "இன்னொரு தடவை சொல்லேன்," என்றது.

"ஒரே தடவைன்னு சொன்னேன்!" என்று உள்ளான் கத்தியது.

யார் கேட்டார்கள்? உயிர் இருந்தது, காலும் இருந்தது. சப்பட்டை பாட்டாகவே பாடினான். "ப்ரோஓஓ" என்று இழுத்தான், அது கெஞ்சல். வெடுக்கென்று "ப்ரோ!" என்றான், அது சண்டை. சத்தம் கேட்டுத் திரும்பி வந்த கீரியிடம் மெதுவாக "ப்ரோ..." என்றான், அது மன்னிப்பு. கீரி சிரித்துவிட்டது. மயிலைப் பார்த்து வாயைப் பிளந்து "ப்ரோ!" என்றதும் அது தோகையையே விரித்துவிட்டது. கிடாவும் வயதை மறந்து தலையாட்டியது. மழை பிடித்துக்கொண்டது. ஏரியிலிருந்த தவளைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

பங்குனி வந்தது. உள்ளான் கரையில் வந்து நின்றது. "என் வார்த்தை?"

"ஒரு நிமிஷம், ப்ரோ," என்று சப்பட்டை சேற்றுக்குள் முங்கினான்.

அன்று முதல்தான் மழை பெய்தால் ஏரியெல்லாம் ப்ரோ, ப்ரோ என்று கத்துகிறது. கரையில் குடையோடு போன மனிதர்களும் அதைப் பிடித்துக்கொண்டு, டீக்கடையில் முன்பின் தெரியாதவனிடம்கூட "தள்ளி உட்காரு, ப்ரோ" என்கிறார்கள். உள்ளான் வருஷம் தவறாமல் வந்து, நீள மூக்கைச் சேற்றுக்குள் விட்டு விட்டுத் தேடுகிறது. திருப்பிக் கொடு என்றுதான் அவனிடம் சொன்னது. அவன் கொடுக்கவே இல்லை.