ஜன்னல் வச்ச கூடு

ஏரிக்கரையில ஒரு பெரிய கருவேலமரம். அந்த மரம் முழுக்க தூக்கணாங்குருவிங்க.

அந்தக் குருவிங்கள்ல ஆம்பளதான் கூடு கட்டுவான். பொம்பள வந்து சோதிச்சுப் பாப்பா. கூடு பாதியில, கவுத்துப்போட்ட சட்டி மாதிரி தொங்கும்போதே சோதனை நடந்துடும். உள்ள உக்காருவா, ஆடிப் பாப்பா, காலால பிடிச்சு இழுத்துப் பாப்பா. பிடிக்கலைன்னா பறந்துடுவா. பிடிச்சிருந்தா முட்டை வைக்க ஆரம்பிச்சுடுவா. மிச்சத்த அவன் கட்டி முடிக்கணும். கடைசியா கீழ்ப்பக்கம் நீளமா ஒரு குழல் பின்னித் தொங்கவிடணும். குருவி அதுக்குள்ள சர்ருனு ஏறிடும். காக்காவால ஏற முடியாது, கால் வைக்கவே இடம் இருக்காது.

அதாவது குழல் வர்றதுக்கு முன்னாடியே முட்டை வந்துடும். கட்டுறவன நம்பித்தான் வைக்கணும். அதுதான் அவங்க வழக்கம். அதுவரைக்கும் யாரும் அந்த நம்பிக்கையில மண்ணள்ளிப் போட்டதில்ல.

அந்த மரத்துல பொன்னுச்சின்னு ஒருத்தன் இருந்தான். அவன் பின்னினா ஒரு இழை வெளிய நீட்டாது. பக்கத்து ஏரிங்கள்ல இருந்தெல்லாம் அவன் கூட்டப் பாக்க வந்தாங்க. அந்தப் பேரப் பரப்பினது யாருன்னா, மரத்து உச்சியில இருந்த காக்கா. ஏரி ஏரியா போய், பொன்னுச்சி வேலையப் பாக்காத கண்ணெல்லாம் ஒரு கண்ணான்னு பேசிட்டு வரும். காக்காவுக்குக் கட்டடத்து மேல என்ன திடீர்ப் பாசம்னு ஒருத்தரும் கேக்கல. புகழுறவங்கள யாராவது சந்தேகப்படுவாங்களா?

ஒருநாள் காக்கா பொன்னுச்சி பக்கத்துல வந்து உக்காந்துச்சு.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இவ்ளோ அழகான கூட்டுக்குக் கீழ எதுக்குய்யா அந்தக் குழல்? பட்டுச்சட்டை போட்டுக்கிட்டு கோவணத்தத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு.”

பொன்னுச்சிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. குழல் இல்லாம எப்படி உள்ள போறதுன்னு கேட்டான்.

“பக்கத்துல ஒரு ஜன்னல் வையி. காத்து வரும், ஏரி தெரியும். எல்லாரும் கட்டுறதையே கட்டினா நீ வெறும் மேஸ்திரி. யாரும் கட்டாதத கட்டினாத்தான் சிற்பி.”

அந்த ஒரு வார்த்தை போதும். அன்னையிலிருந்து யாராவது அவன மேஸ்திரின்னு கூப்பிட்டா அவன் திரும்பிக்கூடப் பாக்கல.

அந்த மழைக்காலத்துல தவிட்டின்னு ஒரு குருவி அவன் கூட்டப் பாக்க வந்தா. அவ ஒண்ணும் ஏமாளி இல்ல. உக்காந்து பாத்தா, ஆடிப் பாத்தா, மூணு பேர் பலத்துக்கு இழுத்தும் பாத்தா. கூடு அசையல. சரின்னு முட்டை வச்சா.

பொன்னுச்சி மிச்சத்தக் கட்டினான். பக்கத்துல வட்டமா ஒரு ஜன்னல் விட்டான். அவ்ளோதான், இறங்கிட்டான்.

தவிட்டி குழல் எப்போ வரும்னு கேட்டா. வராதுன்னான்.

“வராதுன்னா? காக்கா வந்தா என்ன பண்றது?”

“அந்தக் காக்காதான் ஊருக்கே என் வேலையப் புரிய வைக்குது. நீ ஏன் எதையும் பயத்தோடவே பாக்குற? ஏரியப் பாரு. எந்தக் குருவிக்குக் கிடைக்கும் இந்தக் காட்சி?”

“நான் ஏரியப் பாக்குறது இருக்கட்டும் சிற்பி. என் முட்டைய யார் பாப்பா?”

அவன் அடுத்த கிளையில அடுத்த கூட்டுக்கு முடிச்சுப் போட ஆரம்பிச்சுட்டான். முட்டையக் கவ்விட்டு வேற கூட்டுக்குப் போக முடியுமா? முடியாது. அவ மாட்டிக்கிட்டா. அவன் மாட்டிக்கல.

பக்கத்துக் கூட்டுல சாம்பின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் கட்டினது பழைய மாதிரி குழல் வச்ச கூடு. தவிட்டி அவகிட்ட அழுதா.

“போடி, கொழுப்பெடுத்தவளே. பொன்னுச்சி கூடு கிடைக்காதான்னு நாங்கல்லாம் ஏங்குறோம். உனக்கு ஜன்னல் உறுத்துதாக்கும்”னா சாம்பி.

சரி, நானே கட்டிக்கிறேன்னு தவிட்டி இறங்கினா. பொம்பளக் குருவிக்கு யாரும் பின்னக் கத்துக்கொடுத்ததில்ல. சோதிக்க மட்டும்தான் விட்டாங்க. இருந்தாலும் நெல்லுத் தாளக் கிழிச்சு வந்து, அந்த ஜன்னல மூடி, கோணல் மாணலா ஒரு குழல் பின்னினா. மறுநாள் இரை தேடிட்டுத் திரும்பி வந்தா. குழலக் காணோம். எல்லாம் கீழ தண்ணியில மிதக்குது.

பொன்னுச்சி ஜன்னல் ஓரத்த அலகால நீவிக்கிட்டிருந்தான்.

“யார் கேட்டு இதுல கை வச்ச? பக்கத்து ஏரியில இருந்து நாளைக்குப் பாக்க வர்றாங்க. இந்தக் கந்தலக் காட்டி என் பேரக் கெடுக்கணுமா?”

“இது என் வீடு.”

“இது என் கூடு. நீ குடியிருக்குற, அவ்ளோதான்.”

வந்தவங்க கூட்டச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. காக்கா கூடவே இருந்து விளக்கம் சொல்லுச்சு. அதுவும் எட்டிப் பாத்துச்சு. முட்டை பொரிஞ்சிருந்துச்சு. கண்ணுகூடத் திறக்காத குஞ்சுங்க, வாயத் திறந்துக்கிட்டுக் கிடந்துச்சுங்க.

அன்னையிலிருந்து தவிட்டி ஜன்னல விட்டு நகரல. தன் உடம்பையே அடைப்பா வச்சு உக்காந்துட்டா. வெளிய போனா காக்கா. போகலைன்னா பசி. பொன்னுச்சியக் கூப்பிட்டு ஒரு புழுவாவது கொண்டுவான்னு கெஞ்சினா. அவன் புதுக்கூட்டுக்கு ரெண்டு ஜன்னல் வச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டிருந்தான். குஞ்சுங்க கத்துறதும் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாச்சு.

கடைசியில கத்தலே நின்னுடுமோன்னு பயந்து, எதிர்க்க வயல்ல ஒரே ஒரு வெட்டுக்கிளி பிடிக்கப் போனா. போன வேகத்துல திரும்பினா.

காக்கா ஜன்னல்ல உக்காந்திருந்துச்சு. நல்லா வசதியா. கால் வைக்க இடம் இருந்துச்சு இல்ல!

தவிட்டி கொத்தினா, கத்தினா, றெக்கையால அடிச்சா. காக்கா நிதானமா முடிச்சுட்டு, அலகக் கிளையில துடைச்சுட்டுப் போச்சு. அவ வாயிலிருந்து கிளையில விழுந்த அந்த வெட்டுக்கிளி அப்பவும் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மரமே கூடிடுச்சு. தவிட்டி பொன்னுச்சி முன்னாடி போய் நின்னா.

“உன் ஜன்னல் என் புள்ளைங்களத் தின்னுடுச்சு.”

பொன்னுச்சி கூட்டக் காட்டினான். “ஒரு இழை பிஞ்சிருக்கா பாரு. ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கா சொல்லு. கூடு அப்படியே இருக்கு. நான் கட்டினதுல என்ன குறை?”

அது நிஜம்தான். கூடு அப்படியே இருந்துச்சு. குஞ்சுங்கதான் இல்ல.

அப்ப தவிட்டி ஒண்ணே ஒண்ணு கேட்டா. “நீ இதுவரைக்கும் எந்தக் கூட்டுலயாவது ஒரு ராத்திரி படுத்திருக்கியா?”

மேல இருந்து காக்கா சத்தம் போட்டுச்சு, கலைஞன்கிட்ட இப்படியா பேசுறதுன்னு. சாம்பியும் கூட்டத்தோட சேந்துக்கிட்டு, புள்ளைங்கள விட்டுட்டு ஊர் சுத்தப் போனவளுக்கு வாய் வேறயான்னா. எல்லாரும் தலையாட்டினாங்க. ஒருத்தர்கூட அந்தக் கேள்விக்குப் பதில் கேக்கல.

தவிட்டி அன்னைக்கே மரத்த விட்டுப் போயிட்டா. தூரத்துல, ஒரு பாழுங்கிணத்துக்கு மேல சாஞ்சிருந்த ஈச்சமரத்துல, பேரு ஊரு தெரியாத ஒருத்தன் கட்டின கூட்டுல சேந்தா. கூடு பாக்க அசிங்கம்தான். ஆனா குழல் தொங்கி முடியுறவரைக்கும் அவ முட்டை வைக்கல. அவன் எரிச்சல்பட்டான். பட்டுக்கோன்னா.

இங்க, அடுத்த மழைக்கு சாம்பி ஜன்னல் கூட்டுக்கு மாறினா. தவிட்டி அழுத இடத்துலயே அவளும் அழுதா. பொன்னுச்சி வயசாகி ஒருநாள் செத்துப் போனான். பெரிய சாவு. காக்காதான் முன்னாடி நின்னு ஒப்பாரி வச்சுச்சு. அதுக்குள்ள மரத்துல இருந்த இளவட்டமெல்லாம் ஜன்னல் மட்டும்தான் கத்துக்கிட்டிருந்தானுங்க. குழல்னா என்னன்னு கேட்டா, அது பழைய பட்டிக்காட்டுப் பழக்கமாமேன்னு சிரிச்சானுங்க. வருசத்துக்கு வருசம் கூடு அழகாச்சு. வருசத்துக்கு வருசம் குஞ்சுச் சத்தம் கொறைஞ்சுச்சு.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல அந்த மரத்துல கட்ட ஒருத்தரும் இல்ல. தின்ன ஒண்ணும் இல்லைன்னதும் காக்காவும் வேற ஏரிக்குக் கிளம்பிடுச்சு, அங்க ஒரு சிற்பியத் தேடி.

காலிக் கூடெல்லாம் இன்னும் காத்துல ஆடுது. பாக்க வர்றவங்க இன்னும் வர்றாங்க. என்ன கலை, என்ன கலைன்னு அண்ணாந்து பாத்துட்டுப் போறாங்க.

நீதி: கட்டினவன் பேரக் கேட்டுக் குடிபோகாத, அந்த வீட்டுல அவன் தன் புள்ளையோட ஒரு ராத்திரி படுப்பானான்னு கேட்டுட்டுப் போ.