புங்கமரத்துக்கு ஒரு நாள் விடுமுறை

முன்னொரு காலத்திலே வெண்ணாவல் நாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் குமுதசேகர மகாராஜா. மனுஷர் நல்லவர்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அன்றைக்கு அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

ஆற்றைப் பார்ப்பதற்கென்றே அவர் ஆசை ஆசையாக ஒரு மேன்மாடம் கட்டினார். ஏறிப் பார்த்தால் ஆற்றைக் காணோம்! நெசவாளர் தெருவில் மரகதம் என்பவளின் வீட்டு வாசலில் நின்ற கிழட்டுப் புங்கமரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நம் ஆற்றை நமக்கே மறைக்கிறதா ஒரு மரம்?”

உடனே சபை கூடியது. மரகதத்தையும் கூட்டிவந்து ஓரமாக நிறுத்தினார்கள். கட்டட அதிகாரி விருத்தகிரி முந்திக்கொண்டார். அமைச்சர் கார்மேகம் வாயைத் திறப்பதற்குள் தாம் பேசிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத வியாதி.

“வெட்டித் தள்ளலாம் மகாராஜா! தின்னப் பழம் உண்டா? இல்லை. பூஜைக்குப் பூ உண்டா? இல்லை. அடுப்பெரிக்க ஆகும், அவ்வளவுதான்.”

“சாமி, அந்த மரம் போனா எங்க பொழப்பே போயிடும்” என்று மரகதம் கும்பிட்டாள்.

“புங்கமரத்திலா உன் பிழைப்பு?” என்று ராஜா சிரித்தார். சபையும் சிரித்தது. அவள் கண் கலங்கியதைக் கார்மேகம் மட்டும் பார்த்தார்.

“மகாராஜா, குடிகள் வீட்டில் எதை எடுத்தாலும், ஈடானதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று முடிசூட்டு நாளில் மஞ்சள் அரிசியைக் கையில் வைத்துச் சத்தியம் செய்தீர்களே?” என்றார் கார்மேகம்.

ராஜாவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. திருதிருவென்று விழித்தார்.

“பூ, இவ்வளவுதானா? அந்த மரம் கொடுப்பதையெல்லாம் நான் கொடுக்கிறேன். வெற்றிலையைக் கொடுங்கள்!” என்றார் விருத்தகிரி.

அந்த நாட்டில் ராஜா கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் பின்வாங்க முடியாது. ஏற்ற காரியத்தை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பதவி போய்விடும். விருத்தகிரி வாங்கினார், மென்றும் விட்டார்.

கார்மேகம் புன்னகைத்தார். “அப்படியானால் நாளைக்கு மரத்துக்கு விடுமுறை. மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது. எதிரே உள்ள பொட்டலில் நின்று, மரத்தின் வேலையை விருத்தகிரி பார்க்கட்டும். முடித்துவிட்டால் கோடாலியை எடுக்கலாம்.”

மறுநாள் கத்தரி வெயில் மண்டையைப் பிளந்தது. வேடிக்கை பார்க்க ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். குடைபிடிக்கும் ஆட்களோடு விருத்தகிரி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் ஒரு பசுமாடு வந்தது. ஒரு குடையில் முடிந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி தூளிச் சீலையோடு வந்து, “இதை எங்க கட்டுறது?” என்று கேட்டாள். தூளிக்குக் கொம்பாக இரண்டு சேவகர்கள் நின்றார்கள். வளையல்காரர் கடை விரித்தார். வாத்தியார் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக ஓட்டிவந்தார். வயலுக்குத் தழை உரம் கேட்டு ஓர் உழவர் வந்தார். விளக்கெரிக்கப் புங்கங்கொட்டை பொறுக்கும் பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள்.

ராஜாவின் வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது. “என்னய்யா இது? இத்தனை பேருமா ஒரே மரத்தை நம்பி இருக்கிறார்கள்?”

“கிளையில் இருக்கும் பறவைகள் இன்னும் கேட்கவில்லை மகாராஜா. விருத்தகிரியைப் பார்த்துப் பாவம் என்று விட்டுவிட்டன போலிருக்கிறது” என்றார் கார்மேகம்.

கடைசியாக மரகதமும் தெருக்காரர்களும் தறியில் ஏற்றுவதற்காகக் கஞ்சி தோய்த்த பாவு நூலைத் தெருநீளத்துக்கு விரித்துக் கட்டினார்கள். விருத்தகிரிக்கு வியர்த்துக் கொட்டியது. படைக்கூடாரத் துணியைக் கொண்டுவரச் சொல்லி மேலே கட்டினார். உள்ளே அடுப்பாய்க் கொதித்தது. தூளிப் பிள்ளை வீறிட்டது. குடைக்காரன் ஒருவன் மயங்கி விழுந்தான். பட் பட்டென்று நூல் அறுந்தது.

“ஐயோ, போச்சே!” என்று மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்ன போயிற்று?” என்றார் ராஜா.

“உங்க தலைப்பாகைக்குப் போட்ட பாவு, சாமி! தேர்த்திருவிழாவுக்குன்னு அரண்மனையில கேட்டாங்க. நெழல்ல மெள்ளக் காயணும். வெக்கையில முறுகி அறுந்துபோச்சு.”

ராஜாவின் கை தானாகத் தலைக்குப் போனது. தான் கட்டும் தலைப்பாகை அந்தக் கிழட்டு மரத்தடியிலா உருவாகிறது? தலையில் இருந்த கிரீடமோ கொள்ளிக்கட்டையாய்ச் சுட்டது. விதியாவது, விடுமுறையாவது! கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஒரே ஓட்டமாக ஓடினார். குளுகுளுவென்று காற்று முகத்தில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது அவரும் படித்த பழமொழிதான். படித்தது வேறு, பட்டது வேறு.

விருத்தகிரி நாக்கு வறண்டு, ஒரு குடையைப் பிடித்தபடி நிழலின் ஓரத்தில் வந்து நின்றார். “தோற்றேன் மகாராஜா. ஆனால், இதற்குப் பதிலாக நல்ல கன்று ஒன்றை நட்டுவிட்டால்...?”

“தாராளமாக நடலாம். அது இப்படி விரிந்து நிற்கும்போது நீரும் இருக்க மாட்டீர், நானும் இருக்க மாட்டேன்” என்றார் கார்மேகம்.

ராஜாவுக்கு நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது. கஜானாவையே கொட்டினாலும் திருப்பித் தர முடியாத ஒன்றையல்லவா வேடிக்கையாகக் கேட்டுவிட்டோம்! வெட்கத்தில் அவருக்கு முகம் கன்றிப்போயிற்று. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கார்மேகத்துக்குப் போட்டார்.

“இனிமேல் வீட்டு மரத்தை வெட்ட நினைப்பவன், முதலில் அதன் வேலையை ஒரு நாள் செய்து காட்ட வேண்டும். விருத்தகிரி, உம் பதவி போயிற்று. உம் வாசலில் ஒரு கன்றை நடும். அது உமக்கு நிழல் கொடுக்கும்வரை, தினமும் உச்சி வேளையில் அதன் பக்கத்தில் குடையோடு நில்லும்!”

தெருவே கைகொட்டிச் சிரித்தது. மரகதம் மட்டும் சிரிக்கவில்லை.

“அது வளர்ற வரைக்கும் இந்த ஐயா எதுக்கு சாமி வெயில்ல காயணும்? எங்க மரத்தடிக்கே வரட்டும். வெட்ட வந்தவருன்னு அது நெழலக் குறைச்சா குடுக்கப் போவுது?”

ராஜா சரியென்று தலையசைத்தார். விருத்தகிரி குடையை மடக்கினார். தலையைக் குனிந்துகொண்டே வந்து, அதற்குள் நிழலுக்கு வந்துவிட்ட பசுமாட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்தார்.